ஒரு மணி நேரம்... ஒரு கிலோமீட்டர்!

ஓர் ஊரைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த ஊரில் நாய்க்குட்டியைத் தெருவில் நடத்திக்கொண்டு போகலாம். அப்பா கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரலாம். அம்மா மருந்துக் கடைக்குப் போகலாம். ஆனால், குழந்தைகள் மட்டும் விளையாட வெளியே வரக் கூடாது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆறு வாரம்!

இது ஏதோ ராஜா ராணி காலத்துக் கதை என்று நினைக்கிறீர்களா? இல்லை. 2020-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் நிஜமாகவே நடந்தது. அங்கே வீட்டுக்குள் இருந்தவர்களில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் சுமார் 60 லட்சம் பேர்.

அது கொரோனா காலம். உங்களில் பெரியவர்களுக்கு அந்த நாட்கள் கொஞ்சம் நினைவிருக்கும். சின்னவர்கள் அப்போது மழலை பேசிக்கொண்டு இருந்திருப்பீர்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகம் முழுவதும் பரவும் பெருந்தொற்று என்று அறிவித்தது. நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 'வீட்டிலேயே இருங்கள்' என்பது விதி. ஆனால், மனிதன் வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் இருக்க முடியும்? கால் நடக்க வேண்டாமா? கண் வானத்தைப் பார்க்க வேண்டாமா?

நோயும் பரவக் கூடாது, உடம்பும் கெடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடி ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதி போட்டது. அந்த விதிகள் எப்படி இருந்தன, ஏன் அப்படி இருந்தன, மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்போமா?

ஸ்பெயினின் மூடிய கதவுகள்

ஸ்பெயினில் 2020 மார்ச் 14 அன்று அவசர நிலை அறிவிக்கப்பட்டது. உணவு, மருந்து, அவசியமான வேலை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு மட்டுமே வெளியே வரலாம். வீட்டில் தனியே விட முடியாத குழந்தையைக் கடைக்கு உடன் அழைத்துச் செல்லலாம் என்ற சிறு விலக்கு மட்டும் உண்டு. மற்றபடி நடக்க, ஓட, பந்து விளையாட யாருக்கும் அனுமதி இல்லை.

நாய்களுக்கு மட்டும் சலுகை. காரணம் எளிது. நாய் தன் காலைக்கடனைத் தெருவில்தானே முடிக்க வேண்டும்! ஆகவே, நாயைச் சிறிது தூரம் நடத்திச் சென்று உடனே திரும்பலாம் என்றார்கள்.

நம் ஊரில் தெருவும் திண்ணையும் மொட்டை மாடியும் இருக்கின்றன. ஸ்பெயினில் பெரும்பாலோர் வசிப்பது அடுக்குமாடி வீடுகளில். பல குழந்தைகளுக்கு ஒரு சிறிய பால்கனிதான் மைதானம். சிலருக்கு அதுவும் இல்லை, ஜன்னல்தான். தினமும் இரவு 8 மணிக்கு எல்லோரும் பால்கனிக்கு வந்து, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி சொல்லிக் கை தட்டினார்கள். அந்தச் சில நிமிடங்களில்தான் குழந்தைகள் எதிர்வீட்டு நண்பனின் முகத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

வாரங்கள் ஓடின. 'பெரியவர்கள் நாயை அழைத்துக்கொண்டு போகலாம், பிள்ளையை அழைத்துக்கொண்டு போகக் கூடாதா?' என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினார்கள். பார்சிலோனா நகரின் மேயராக அப்போது இருந்த அதா கொலாவ் இரண்டு ஆண் பிள்ளைகளின் தாய். குழந்தைகளை வெளியே விடுங்கள் என்று அவரும் வெளிப்படையாகக் கேட்டார்.

ஏப்ரல் 21 அன்று அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'குழந்தைகள் இனிமேல் பெரியவர்களோடு கடைக்கும், மருந்துக் கடைக்கும், வங்கிக்கும் போகலாம்.'

யோசித்துப் பாருங்கள். கடையும் வங்கியும் மூடிய இடங்கள். அங்கே கூட்டம் இருக்கும். பூங்காவோ திறந்த வெளி. குழந்தைக்குக் காற்றும் வெயிலும் வேண்டும் என்று கேட்டால், கடைக்குள் போகச் சொல்கிறார்களே! மக்கள் அன்று மாலையே பால்கனிகளில் நின்று தட்டுகளையும் பாத்திரங்களையும் தட்டி ஓசை எழுப்பினார்கள். யாரும் தெருவில் இறங்கவில்லை, கல் எறியவில்லை. விதியை மீறாமலே தங்கள் மறுப்பைச் சொன்னார்கள். சில மணி நேரத்திலேயே அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. குழந்தைகள் உலாவப் போகலாம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார்.

ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்குக் கதவுகள் திறந்தன. விதி இதுதான்:

* நாளுக்கு ஒரு முறை. ஒரு மணி நேரம்.
* வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்.
* காலை 9 மணி முதல் இரவு 9 மணிக்குள்.
* ஒரு பெரியவரோடு மூன்று குழந்தைகள் வரை போகலாம்.
* ஓடலாம், குதிக்கலாம். சொந்தப் பந்து, சொந்த வண்டி கொண்டு போகலாம்.
* ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள விளையாட்டுத் திடலுக்குப் போகக் கூடாது.
* வேறு வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடக் கூடாது.

ஒரு கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? 400 மீட்டர் ஓட்டப் பாதையில் இரண்டரைச் சுற்று. அவ்வளவுதான். ஆனால், ஆறு வாரம் சுவரையே பார்த்தவர்களுக்கு அந்த இரண்டரைச் சுற்றும் பெரிய உலகம்!

முதல் நாளே சில இடங்களில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தப் படங்கள் பரவியதும், 'இப்படிச் செய்தால் மறுபடி எல்லாவற்றையும் மூடிவிடுவார்களே' என்று பலரும் கவலைப்பட்டார்கள். சலுகை கிடைப்பது கடினம். அதைக் காப்பாற்றிக்கொள்வது அதைவிடக் கடினம்.

பள்ளிக்கூட மணி போல

மே 2-ஆம் தேதி முதல் பெரியவர்களுக்கும் உடற்பயிற்சி அனுமதி கிடைத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் தெரு நிரம்பிவிடும். என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஒரு நேரம், பெரிய வகுப்புக்கு ஒரு நேரம் இடைவேளை விடுவோம் அல்லவா? அதே உபாயம்தான்!

காலை 6 முதல் 10 வரையும், இரவு 8 முதல் 11 வரையும் 14 வயதைக் கடந்தவர்கள் நடக்கலாம், ஓடலாம். 10 முதல் 12 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும், பிறர் உதவி தேவைப்படுகிறவர்களுக்கும். பகல் 12 முதல் மாலை 7 வரை குழந்தைகளுக்கு. நோயால் அதிக ஆபத்து முதியவர்களுக்குத்தான் என்பதால், அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள்.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. 5,000 பேருக்கு மேற்படாத சிற்றூர்களுக்கு இந்த நேரப் பங்கீடு கிடையாது. அங்கேதான் கூட்டமே இல்லையே! தேவையில்லாத இடத்தில் விதியைத் திணிக்காமல் இருப்பதும் நல்ல நிர்வாகம்தான்.

நீலத் துணி

இப்போது ஒரு வருத்தமான செய்தி சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி அறிந்திருப்பீர்கள். அன்றாட வழக்கம் திடீரென்று மாறினால் அவர்களில் பலருக்குத் தாங்க முடியாது. நாள்கணக்கில் அடைத்து வைத்தால் மிகவும் தவித்துப்போவார்கள். இதை உணர்ந்த ஸ்பெயின் அரசு, மார்ச் 20-லேயே அவர்களுக்கு விலக்கு அளித்தது. பெற்றோர் துணையோடு சிறிது நேரம் நடக்கலாம்.

ஆனால், பால்கனியில் நின்ற சிலருக்கு இது தெரியவில்லை. தெருவில் ஒரு தாய் பிள்ளையோடு நடப்பதைப் பார்த்ததும், மேலே இருந்து திட்டினார்கள், கூச்சலிட்டார்கள். கூச்சல் என்றாலே மிரளும் குழந்தை அது! வேறு வழி தெரியாமல், சில பெற்றோர் பிள்ளையின் கையில் நீல நிறத் துணியைக் கட்டி அனுப்பினார்கள். 'இவன் விதியை மீறவில்லை' என்பதற்கு அடையாளம். வேறு சில பெற்றோர், 'என் பிள்ளைக்கு ஏன் அடையாளம் குத்த வேண்டும்? மற்றவர்கள் அல்லவா வாயை அடக்க வேண்டும்?' என்று கேட்டு மறுத்துவிட்டார்கள்.

திட்டியவர்களும் கெட்டவர்கள் அல்ல. பயத்தில் இருந்தவர்கள். நாம் அடைந்து கிடக்கிறோமே, இவர்கள் மட்டும் உலாவுகிறார்களே என்ற ஆத்திரம். ஆனாலும், விதியைப் பின்பற்றுவது ஒன்று. அடுத்தவரை விசாரிக்காமலே குற்றவாளி ஆக்குவது வேறொன்று. வகுப்பில் ஒருவன் தாமதமாக வந்தால் உடனே சிரிக்கிறோம். அவன் அம்மாவுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாது.

பொம்மைக் கரடியும் ஓர் அமைச்சரும்

அடுத்து நியூசிலாந்துக்குப் போவோம். அங்கே 2020 மார்ச் 25 நள்ளிரவுக்குச் சற்று முன் முழு ஊரடங்கு தொடங்கியது. ஆனால், முதல் நாளிலிருந்தே நடைப்பயிற்சிக்கு அனுமதி இருந்தது. 'உங்கள் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குமிழி. ஒரு குமிழி இன்னொரு குமிழியைத் தொடக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே நடங்கள்' என்றார்கள். சோப்புக் குமிழிகள் இரண்டு தொட்டால் என்ன ஆகும்? ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற உவமை அல்லவா!

நடைப்பயிற்சி என்றால் குழந்தைகளுக்குச் சலிப்பாக இருக்குமே? அதற்கு மக்களே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். வீடுதோறும் ஜன்னலில் பொம்மைக் கரடியை உட்கார வைத்தார்கள். தெருவில் நடக்கும் குழந்தைகள் 'அதோ ஒரு கரடி! இதோ ஒரு கரடி!' என்று எண்ணிக்கொண்டே போகலாம். மைக்கேல் ரோசன் எழுதிய, கரடி தேடிப் போகும் ஒரு புகழ்பெற்ற குழந்தை நூல்தான் இதற்குத் தூண்டுகோல். அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் தன் வீட்டு ஜன்னலிலும் ஒரு கரடி வைத்தார்.

ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர் பண்டிகை. 'ஈஸ்டர் முயல் முட்டை கொண்டுவருமா, அதற்கும் ஊரடங்கா?' என்று அங்கே குழந்தைகளுக்குக் கவலை. பிரதமர் செய்தியாளர் கூட்டத்திலேயே, ஈஸ்டர் முயலும் பல் தேவதையும் அத்தியாவசியப் பணியாளர்கள்தான் என்று அறிவித்துவிட்டார்!

ஆனால், நியூசிலாந்தில் சில உடற்பயிற்சிகளுக்குத் தடை இருந்தது. கடலில் நீந்தக் கூடாது. அலைச் சறுக்கு கூடாது. படகு, வேட்டை, காட்டுப் பாதையில் மலையேற்றம் எதுவும் கூடாது. 'நடுக்கடலில் தனியாகத்தானே இருக்கிறேன், யாருக்கு நோய் பரப்பப் போகிறேன்?' என்று நீச்சல்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடையைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு மேலே படியுங்கள்.

யோசித்தீர்களா? அவர் அலையில் சிக்கினால் காப்பாற்ற நாலு பேர் ஓடி வர வேண்டும். கால் ஒடிந்தால் ஆம்புலன்ஸ் வேண்டும். மருத்துவமனையில் படுக்கை வேண்டும். கொரோனா நோயாளிகளுக்காகக் காத்திருக்கும் படுக்கை அது. தடை செய்தது நீச்சலை அல்ல; விபத்தை!

இந்த விதியின் கதையில் ஒரு பாடமும் இருக்கிறது. அப்போதைய சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க். ஊரடங்கின்போது அவர் வேனை ஓட்டிக்கொண்டு போய், மலைப் பாதையில் சைக்கிள் விட்டார். அது தெரிந்து மன்னிப்புக் கேட்டார். சில நாட்களில் இன்னொன்றும் வெளிவந்தது. ஊரடங்கின் முதல் வார இறுதியில் குடும்பத்தோடு சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்!

'பக்கத்திலேயே நடங்கள்' என்று ஊருக்குச் சொன்ன துறைக்கு அவர்தான் தலைவர். தான் முட்டாள்தனம் செய்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டு, பதவி விலகவும் முன்வந்தார். தொற்று வேகமாகப் பரவும் நேரத்தில் அமைச்சரை மாற்றினால் வேலை தடைப்படும் என்று பிரதமர் அவரை நீக்கவில்லை. ஆனால், அமைச்சரவை வரிசையில் கடைசி இடத்துக்கு இறக்கினார். அவர் கூடுதலாக வகித்த நிதித்துறைப் பொறுப்பையும் எடுத்துவிட்டார். பிறகு, 2020 ஜூலை 2 அன்று அவர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். விதி வகுப்புத் தலைவனுக்கும் உண்டு, கடைசி பெஞ்சுக்கும் உண்டு.

வீட்டுக்குள்ளே மாரத்தான்!

பிரான்சில் வெளியே போக வேண்டுமானால் கையில் ஒரு படிவம் வேண்டும். ஏன் போகிறோம் என்று நாமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர். 2020 ஏப்ரல் 8 முதல் பாரிஸ் நகரில் காலை 10 முதல் மாலை 7 வரை தெருவில் ஓடவும் தடை.

அந்த நாட்டில் துலூஸ் நகருக்கு அருகே வசித்த ஒருவர் மாரத்தான் ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பந்தயங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டு பால்கனியிலேயே முழு மாரத்தானையும் ஓடி முடித்தார். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பால்கனியின் நீளம் 7 மீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 48 நிமிடம். அவர் எத்தனை முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியிருப்பார்? பென்சிலை எடுத்து வகுத்துப் பாருங்கள். 6,000-க்கு மேல் வருகிறதா? சரிதான்!

நூறு வயதுத் தாத்தாவின் நூறு சுற்று

இங்கிலாந்தில் மார்ச் 23 முதல் ஊரடங்கு. நாளுக்கு ஒரே ஒரு முறை உடற்பயிற்சிக்காக வெளியே வரலாம். தனியாகவோ, வீட்டில் உள்ளவர்களோடு மட்டுமோ நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம்.

பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் டாம் மூர் என்றொரு தாத்தா. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய படைவீரர். வயது 99. இடுப்பு எலும்பு முறிந்து குணமானவர். சக்கரம் வைத்த தாங்கியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். முதியவர்கள் வெளியே வராமல் இருப்பது நல்லது என்பதால், அவர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நடந்தார். தோட்டத்தின் நீளம் 25 மீட்டர். 2020 ஏப்ரல் 30 அன்று அவருக்கு நூறு வயது நிறைகிறது. அதற்குள் நூறு தடவை தோட்டத்தைக் கடப்பது என்று முடிவு செய்தார். தனக்கு வைத்தியம் பார்த்த அரசு மருத்துவச் சேவைக்காக ஆயிரம் பவுண்டு நன்கொடை திரட்ட வேண்டும் என்பது ஆசை.

நூறு தடவை 25 மீட்டர் என்றால் எவ்வளவு? இரண்டரைக் கிலோமீட்டர். உங்களுக்கு அது அரை மணி நேர வேலை. அவருக்கோ ஒவ்வொரு அடியும் முயற்சி. ஏப்ரல் 6-இல் தொடங்கி, ஏப்ரல் 16 அன்று நூறாவது சுற்றை முடித்தார். படைவீரர்கள் இடைவெளி விட்டு இருபுறமும் நின்று மரியாதை செய்தார்கள். தாங்கியைத் தள்ளிக்கொண்டு நடந்த அந்த முதியவரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். ஆயிரம் பவுண்டு கேட்டவருக்குப் பிறந்தநாளுக்குள் சேர்ந்தது எவ்வளவு தெரியுமா? 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கும் மேல்! ஜூலை 17 அன்று ராணி எலிசபெத் விண்ட்சர் கோட்டையின் திறந்த வெளியில் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார்.

2021 பிப்ரவரி 2 அன்று டாம் மூர் மறைந்தார். அவருக்கும் கொரோனா தொற்று ஏற்பட்டிருந்தது. ஆனால், 25 மீட்டர் தோட்டத்துக்குள்ளேயே ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அவர் காட்டிவிட்டுப் போனார்.

ஊதுவத்தி சொல்லும் பாடம்

இப்போது அறிவியலுக்கு வருவோம். திறந்த வெளியில் நடந்தால் ஏன் ஆபத்து குறைவு?

வீட்டில் ஓர் ஊதுவத்தி ஏற்றுங்கள். கதவு, ஜன்னல் மூடிய அறையில் சிறிது நேரத்தில் மூலைமுடுக்கெல்லாம் மணக்கும். அதே ஊதுவத்தியை மொட்டை மாடியில் ஏற்றினால், மூன்றடி தள்ளி நின்றாலே வாசனை தெரியாது. காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நாம் பேசும்போதும் இருமும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகளும் அப்படித்தான். மூடிய அறையில் அவை மிதந்துகொண்டே இருக்கும். திறந்த வெளியில் கலைந்து நீர்த்துப்போகும். ஆனால், ஊதுவத்திக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் மொட்டை மாடியிலும் வாசனை வரும் அல்லவா? அதனால்தான் வெளியிலும் கூட்டம் கூடாதே, இடைவெளி விடு என்றார்கள்.

தொடக்கத்தில் இதெல்லாம் தெளிவாகத் தெரியவில்லை. நோயே புதிது. ஊஞ்சலைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிப் பூங்காக்களைப் பூட்டினார்கள். தொட்ட பொருளால் பரவுவதைவிட, காற்றால் பரவுவதே முக்கியம் என்பது பிறகுதான் உறுதியானது. புதிதாகத் தெரிந்ததும் விதியைத் திருத்தினார்கள். விதியைத் திருத்துவது தோல்வி அல்ல. தவறான கணக்கை அழித்துவிட்டுச் சரியாகப் போடுவதுபோல்தான்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்ததற்கு விலையும் இருந்தது. சீனாவின் பெய்ச்செங் நகரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து வந்தார்கள். 2015 முதல் 2019 வரை, 6 வயதுக் குழந்தைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் எந்த ஆண்டிலும் நூற்றுக்கு 6 பேரைத் தாண்டவில்லை. 2020-இல் ஊரடங்குக்குப் பிறகு சோதித்தபோது நூற்றுக்கு 21 பேருக்கு மேல்! அருகிலேயே பார்த்துக்கொண்டு, வெளிச்சத்தில் விளையாடாமல் இருந்ததே காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பிஞ்சுக் கண்ணுக்குத் திறந்தவெளி வெளிச்சம் அத்தனை அவசியம்.

நம் ஊரில்...

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று 21 நாள் ஊரடங்கு தொடங்கியது, பிறகு நீண்டது. இங்கே தொடக்கத்தில் காலை நடைப்பயிற்சிக்குக்கூட அனுமதி இல்லை. நெருக்கமான தெருக்கள், எத்தனையோ கோடி மக்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னாலும் தெரு தாங்காது. மொட்டை மாடிதான் நமக்கு மைதானமாயிற்று. அதிகாலையில் மாடிக்கு மாடி ஆட்கள் எட்டு வடிவத்தில் நடந்தார்கள். பிள்ளைகள் கயிறு தாண்டினார்கள். மாடி இல்லாத ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அவர்களுக்குத்தான் அந்த ஊரடங்கு மிகக் கடினம்.

சென்னை மெரினா கடற்கரை 2020 டிசம்பர் 14 அன்றுதான் பொதுமக்களுக்குத் திறந்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் திரும்பப் பார்த்தது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளி மைதானங்களில் புல்தான் வளர்ந்தது.

இன்று உங்கள் ஒரு மணி நேரம்

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. இன்று உங்கள் வாசலில் காவலர் இல்லை, படிவம் இல்லை, ஒரு கிலோமீட்டர் எல்லையும் இல்லை.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க ஓடியாட வேண்டும் என்கிறது அதே நிறுவனம். பாருங்கள், ஸ்பெயின் குழந்தைகளுக்குக் கிடைத்த அதே ஒரு மணி நேரம்! அவர்கள் அதற்காக ஆறு வாரம் காத்திருந்தார்கள். நம்மிடம் அது தினமும் மாலையில் இலவசமாக வந்து நிற்கிறது. நாமோ பல நாள் அதைக் கைப்பேசியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த நாட்களிலிருந்து சில பழக்கங்களை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொள்வோம்.

* காய்ச்சல், இருமல் இருந்தால் விளையாடப் போகாமல் வீட்டில் ஓய்வெடுப்போம். அது நண்பனுக்குச் செய்யும் உதவி.
* இருமும்போது முழங்கையை மடக்கி வாயை மூடுவோம். விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.
* வகுப்பறை ஜன்னல்களைத் திறந்து வைப்போம். ஊதுவத்தி நினைவிருக்கட்டும்.
* மொட்டை மாடியில் விளையாடினால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கைப்பிடிச் சுவரில் ஏறவே கூடாது.
* ஒரு விதி புரியவில்லையா? மீறுவதற்கு முன் 'ஏன்?' என்று கேட்போம். காரணம் தெரிந்தால் விதி சுமையாக இருக்காது. காரணம் சரியில்லை என்று தோன்றினால், பால்கனியில் தட்டு தட்டிய பெற்றோரைப்போல முறையாக எடுத்துச் சொல்வோம்.

நாளை மறுபடி ஏதாவது ஒரு நோய் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் நீங்கள் அப்போது மருத்துவராகவோ, மாவட்ட ஆட்சியராகவோ, அமைச்சராகவோ இருக்கக்கூடும். விதி எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கும். அப்போது ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்க்கும் குழந்தைகளையும், ஒற்றை அறை வீட்டையும், நீலத் துணி கட்டிய கையையும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சரி, படித்தது போதும். மணி ஐந்தாகிவிட்டதா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். நண்பர்கள் காத்திருப்பார்கள்!